திறந்த கதவின் முன் தயங்கி நிற்பதேன்?

திருகோணமலையிலிருந்து வடக்கே, நிலாவெளியையும் குச்சவெளியையும் கடந்து புல்மோட்டைக்குச் செல்லும் வீதியில் உள்ளது திரியாய். வயலும் குளமும் ஒருபுறம், கடல் மறுபுறம் எனச் சூழ்ந்த பழந்தமிழ்க் கிராமம். 1985 ஆம் ஆண்டில் தீக்கிரையாகி, மக்கள் உடுத்த உடையோடு வெளியேறி, ஆண்டுக்கணக்காக அகதி வாழ்வு வாழ்ந்து, பின்னர் திரும்பி வந்து பற்றை வெட்டி மீண்டும் குடியேறிய ஊர். அத்தகைய ஊரின் பிள்ளைகள் இன்று கணினி கற்கிறார்கள். நிரல் எழுதப் பழகுகிறார்கள். நாம் மகிழ்கிறோம்.

ஆனால், அந்தப் பிள்ளைகளின் காதில் ஒரு பேச்சு ஓயாமல் ஓதப்படுகிறது. “உலகம் பயன்படுத்தும் மென்பொருளைத் திருத்துவதற்கு நீ யார்? அது அமெரிக்காவிலும் பெங்களூரிலும் இருப்பவர்களின் வேலை. உனக்கு ஒரு சான்றிதழும் கொழும்பில் ஓர் உத்தியோகமும் போதும்!” வீட்டிலும் வகுப்பிலும் வீதியிலும் கேட்கும் பேச்சு இது. அன்பினாற் சொல்வோரும் உண்டு. அறியாமையாற் சொல்வோரும் உண்டு. எவர் சொன்னாலும் இந்தப் பேச்சு பொய்! அது மட்டுமன்று, நம் சமுதாயத்தை என்றென்றும் வாங்கி உண்ணும் சமுதாயமாகவே வைத்திருக்கும் நஞ்சு!

பூட்டிய பெட்டியும் திறந்த ஏடும்

மென்பொருள் என்பது யாது? கணினிக்கு மனிதன் எழுதிவைக்கும் கட்டளைகளின் தொகுதி. மனிதன் எழுதியபடியே உள்ள அக்கட்டளைகளை மூலநிரல் என்பர். பல கம்பனிகள் மூலநிரலைப் பெட்டியிலிட்டுப் பூட்டிவிட்டுப் பயனை மட்டும் விலைக்கு விற்கின்றன. திறந்த மூல மென்பொருளோ அத்தகையதன்று. அதை எவரும் எக்காரியத்துக்கும் பயன்படுத்தலாம்; உள்ளே எப்படி இயங்குகிறதென்று படிக்கலாம்; தமக்கு வேண்டியவாறு திருத்தலாம்; திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம். இந்த உரிமைகளை எழுத்திலேயே உறுதிசெய்யும் உரிமப் பத்திரம் அதனுடன் இணைந்தே வருகிறது.

இது ஏதோ மூலையிற் கிடக்கும் விளையாட்டுப் பொருள் என்று எண்ணிவிட வேண்டாம். நம் கையிலுள்ள ஆண்ட்ராய்ட் கைப்பேசியின் அடியில் இயங்குவது லினக்ஸ். 1991 இல் ஹெல்சிங்கி நகரிலே 21 வயது மாணவராக இருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் தொடங்கிய வேலை அது. அவர் நிரலைத் திறந்து வைத்தார். உலகத்தார் வந்து சேர்ந்தனர். இன்று உலகின் மிகப் பெருங் கணினிகளும் அதன்மீதே இயங்குகின்றன. தொடங்கியபோது அவர் மாமேதை என்று யார் பட்டம் கொடுத்தார்? எந்த மந்திரி அனுமதி வழங்கினார்?

புல்மோட்டைக் கரையைப் பாருங்கள்! அங்கே கிடக்கும் கனிய மணல் கப்பலேறி வெளிநாடு போகிறது. அதிலிருந்து பிரித்தெடுக்கும் பொருளாற் செய்த வண்ணப்பூச்சு, விலைச் சீட்டோடு நம் கடைக்குத் திரும்பி வருகிறது. மூலப் பொருள் நம்முடையது. ஆக்கும் அறிவும் ஆதாயமும் பிறருடையவை. மணலில் நேர்ந்த இக்கதி நம் பிள்ளைகளின் மூளைக்கும் நேர வேண்டுமா? பிறர் ஆக்கியதை வாங்கிப் பொத்தானை அழுத்தும் பயிற்சியைத்தான் கல்வி என்று கொண்டாடப் போகிறோமா?

இலங்கையே செய்து காட்டியது

“இந்தச் சிறு தீவிலிருந்து என்ன செய்ய முடியும்?” என்று கேட்போருக்கு ஒரு வரலாற்றை நினைவூட்டுகிறோம்.

2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை நம் தீவில் மட்டும் 30,000 பேருக்கு மேல் விழுங்கியது. திருகோணமலை மாவட்டத்தின் கரையோரமும் சிதைந்தது. யார் இறந்தார், யார் காணாமற் போனார், எந்த முகாமில் யார் இருக்கிறார், எந்த முகாமுக்கு எது போய்ச் சேரவில்லை என்ற கணக்கு எவர் கையிலும் இல்லை. அவ்வேளையிலே கொழும்பில் மென்பொருள் தொழிலில் இருந்தவர்களும் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் தொண்டர்களாகக் கூடினர். இரவு பகல் பாராது உழைத்துச் சில நாட்களிலேயே ஒரு மென்பொருளை எழுதினர். அதற்கு ‘சகானா’ என்று பெயர். நிவாரணம் எனப் பொருள்படும் சிங்களச் சொல் அது. காணாமற் போனோர் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, உதவிப் பொருட் கணக்கு ஆகியவை அதில் அடங்கின.

அவர்கள் அதைப் பூட்டி வைத்திருந்தால் அந்த வேலை அந்த அழிவோடு முடிந்திருக்கும். திறந்து வைத்தார்கள்! ஆகையால் 2005 ஒக்டோபரில் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அது உதவிற்று. 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், 2010 இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் பயன்பட்டது. 2006 ஆம் ஆண்டுக்கான சமுதாயப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சகானாவுக்கு வழங்கியது. நம் தீவின் கண்ணீரிலே பிறந்த நிரல், பிற தேசத்தார் கண்ணீரைத் துடைத்தது.

இன்னொன்றும் கேளுங்கள். திறந்த மூல வேலைக்குப் புதியவர்களை ஊதியத்தோடு பழக்குவதற்காக கூகிள் கம்பனி 2005 இல் ‘சமர் ஒஃப் கோட்’ என்ற கோடைக்காலத் திட்டத்தைத் தொடங்கிற்று. அதன் முதற் பத்தாண்டுக் கணக்கில், உலகப் பல்கலைக்கழகங்களுள் அதிக மாணவரைக் கொண்டிருந்தது எது? அமெரிக்கப் பல்கலைக்கழகமன்று, மொறட்டுவைப் பல்கலைக்கழகம்! 2022 முதல் அத்திட்டம் பல்கலைக்கழக மாணவர் அல்லாத புதியவர்களுக்கும் திறக்கப்பட்டுள்ளது. மொறட்டுவையால் முடிந்தது நிலாவெளிக் கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்தால் முடியாதா? அதே வீதியில் இன்னும் வடக்கே போனால் வரும் திரியாய்ப் பிள்ளையால் முடியாதா?

நம்மிடம் இருப்பது அவர்களிடம் இல்லை

புதிதாக நிரல் பழகும் பிள்ளை, “எனக்கு என்ன தெரியும், கொடுப்பதற்கு?” என்று கேட்கிறது. நாம் சொல்கிறோம்: உலகின் பெரிய நிரலாளர் பலருக்குத் தெரியாத ஒன்று உனக்குத் தெரியும். உன் மொழி தெரியும். உன் ஊர் தெரியும்.

‘திரியாய்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? பாலர் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால், தி, ரி, யா, ய் என விரல்விட்டு எண்ணி நான்கு என்று சொல்லும். பைத்தன் மொழியில் அதே சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். எட்டு என்று விடை வரும்! ஏன்? யூனிகோட் முறையில் அகர உயிர்மெய்யின் வடிவம் ஒன்றாகவும், அதன்மேல் வரும் விசிறியும் அரவும் புள்ளியும் தனித்தனியாகவும் எண்ணப்படுகின்றன. இதனை உணராது எழுதிய நிரல், தமிழ்ச் சொல்லை நடுவிலே வெட்டும். தலைகீழாக்கினால் உயிர்க்குறியை அநாதையாக விடும். இக்குறையைத் தீர்ப்பதற்காகவே ‘ஓப்பன்-தமிழ்’ என்ற திறந்த நிரற் தொகுப்பைத் தமிழ் ஆர்வலர்கள் ஆக்கினார்கள். அதில் எழுத்துகளைத் தமிழ் முறைப்படி பிரித்தெண்ணும் வழி உண்டு. ஆக்கியவர்கள் தமிழறிந்தவர்கள், அதனாலன்றோ அந்தக் குறை அவர்கள் கண்ணிற் பட்டது!

பெயரை எடுத்துக்கொள்வோம். மேலைநாட்டு நிரல்கள் ‘முதற்பெயர்’, ‘குடும்பப்பெயர்’ என்று இரண்டு கட்டங்களை வைக்கின்றன. நமக்கோ தந்தை பெயர் முன்னே, தன் பெயர் பின்னே. மணமான பெண் கணவன் பெயரைச் சேர்ப்பாள், சேர்க்காமலும் விடுவாள். ஆங்கில எழுத்திலே ஒரே பெயரை ஐந்து விதமாக எழுதுவோம். திரியாய் என்ற ஊர்ப்பெயரே ஆங்கிலத்தில் பல விதமாக எழுதப்படுகிறதே! இனியொரு பேரழிவு வந்து, இவற்றை அறியாத நிரல் ஒன்று காணாமற் போனோரைப் பதியுமானால் என்ன நேரும்? அண்ணன் ஒரு பட்டியலிலும் தம்பி வேறொரு பட்டியலிலும் தொடர்பற்று நிற்பர். ஒரே மனிதர் இருவராவார்; இருவர் ஒருவராவர். தாய் தேடிவரும் பிள்ளையின் பெயர் அங்கே இருக்கும், ஆயினும் அகப்படாது. இதனைக் கலிபோர்னியாவிலிருக்கும் நிரலாளர் எவ்வாறு அறிவார்? அவர் கெட்டவரல்லர், அவருக்குச் சொல்ல ஆளில்லை. சொல்ல வேண்டியவர் நாம். திருத்த வேண்டியவரும் நாமே.

அரசு செய்யாதா?

“இதையெல்லாம் அரசாங்கமன்றோ செய்ய வேண்டும்?” என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது முதல் மொழியுரிமைக்காக எத்தனை மனுக்கள், எத்தனை அறப்போர்கள்! 1987 இல் பதின்மூன்றாவது திருத்தத்தின்மூலம் தமிழும் அரசகரும மொழியென்று அரசியலமைப்பில் ஏறிற்று. ஏட்டில் ஏறியது நாட்டில் இறங்க வேண்டும் என்ற குரலை ஒருகணமும் தாழ்த்தச் சொல்ல மாட்டோம். அந்தக் கடமையிலிருந்து எந்த அரசையும் விடுவிக்கவும் மாட்டோம்.

ஆனால் ஓர் உண்மையை மறைக்கலாகாது. உரிமைகள் இருவகை. கேட்டுப் பெற வேண்டியவை சில. எழுந்து செய்ய வேண்டியவை சில. திறந்த மூல மென்பொருளுக்குத் தமிழைக் கொண்டுவர எந்த மந்திரியின் கையொப்பமும் வேண்டாம். எந்தக் கச்சேரியிலும் காத்துக் கிடக்க வேண்டாம்.

2003 இல் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன் தமிழ் விக்கிப்பீடியாவின் இடைமுகத்தைத் தமிழாக்கிக் கட்டுரைகள் எழுதத் தொடங்கினார். தொழிலால் அவர் கட்டடக் கலைஞர், நிரலாளர் அல்லர். இன்று அந்தக் கலைக்களஞ்சியம் உலகத் தமிழர் அனைவரதும் சொத்து. 2005 இல் தொண்டர்கள் சிலர் தொடங்கிய ‘நூலகம்’ என்ற மின்னூலகம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் அழியாமற் காக்கிறது. 1981 இல் யாழ்ப்பாண நூல்நிலையத்தை எரியக் கொடுத்த இனத்துக்கு அதன் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டுமா? அந்த மின்னூலகம் நிற்பதும் மீடியாவிக்கி என்ற திறந்த மூல மென்பொருளின் மீதே. யாரோ முகமறியாதவர் எழுதித் திறந்து வைத்த நிரல், நம் நூல்களுக்குக் கூரையாயிற்று. பிறர் கூரையின் கீழ் நின்றவர், ஓர் ஓட்டையேனும் மாற்றிக் கொடுக்க வேண்டாமா?

எங்கே தொடங்குவது?

வீரம் பேசிவிட்டு வழி சொல்லாமற் போவது நம் வழக்கமன்று. சொல்கிறோம்.

முதலாவது, நீங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பயர்பொக்ஸ் உலாவியாகலாம், லிப்ரே ஒபிஸ் ஆகலாம். பயன்படுத்துபவனுக்கே குறை தெரியும்.

இரண்டாவது, அதன் ‘ரீட்மீ’ ஏட்டையும், பங்களிப்போருக்கான விதிகளையும், உரிமத்தையும் ஊன்றிப் படியுங்கள். பின்னர் நிரலை உங்கள் கணினியில் இறக்கி இயக்கிப் பாருங்கள். சிறிய திட்டமானால் பழைய கணினியும் பெரும்பாலும் போதும். வழிகாட்டியிற் சொன்னபடி செய்தும் எங்கேனும் தடைப்பட்டால் மனம் உடைய வேண்டாம்; வழிகாட்டியிலேயே பிழை இருக்கலாம். அந்தப் பிழையைத் திருத்துவதே உங்கள் முதற் பங்களிப்பாகலாம். பழகியவர் கண்ணுக்குத் தெரியாத குழி, புதியவர் காலுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது, குறை கண்டால் முறைப்படி அறிவியுங்கள். முன்னரே எவரேனும் அதை அறிவித்துள்ளாரா என்று தேடுங்கள். எந்தப் பதிப்பில், என்ன செய்தபோது, என்ன நடக்குமென எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்ற நான்கையும் தெளிவாக எழுதுங்கள். “வேலை செய்யவில்லை” என்பது அறிக்கையன்று, முனகல்.

நான்காவது, சிறியதை எடுங்கள். பல திட்டங்களில் புதியவர்க்கென்றே ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ என்ற முத்திரையிட்டுச் சிறு வேலைகளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நிரலின் நகலை உங்கள் கணக்கில் எடுத்து, அதில் தனிக் கிளை ஒன்று பிரித்து, ஒரே ஒரு திருத்தத்தை மட்டும் செய்து, சோதித்து, ‘புல் ரிக்குவெஸ்ட்’ எனப்படும் இணைப்பு வேண்டுகோளை அனுப்புங்கள். இந்த நகலையும் கிளையையும் கையாளும் ‘கிட்’ என்ற கருவியும் திறந்த மூலமே. 2005 இல் தோர்வால்ட்ஸ் எழுதியது. அதனைப் பழகச் சில வாரம் பிடிக்கும். பிடிக்கட்டும்! நெல் விதைத்தால் மறுநாளே கதிர் வருமா?

ஐந்தாவது, திருத்தத்தைப் பார்வையிடுவோர் குற்றம் சொல்வர், மாற்றச் சொல்வர், மறுக்கவுங் கூடும். அது அவமானமன்று, கட்டணமில்லாத கல்வி. மறுத்தவர் எதனால் மறுத்தார் என்று படித்து, அடுத்ததைத் திருத்தமாகச் செய்யுங்கள்.

நிரல் எழுத இன்னும் வராதவர்களும் ஒதுங்க வேண்டாம். இடைமுகச் சொற்களைத் தமிழாக்கலாம். வழிகாட்டிகளைத் தமிழில் எழுதலாம். ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மாப்’ என்ற திறந்த நிலப்படத்தில் நம் குளங்களுக்கும் ஒழுங்கைகளுக்கும் உரிய தமிழ்ப் பெயரைப் பதியலாம். ஆங்கிலம் தடையென்று அஞ்ச வேண்டாம். குறையை விளக்கத் தேவைப்படுவது மேடை ஆங்கிலமன்று. நான்கு நேரான வாக்கியங்கள். அவையும் எழுத எழுத வரும்.

போலிகளுக்கு எச்சரிக்கை

இனி, கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். 2020 ஒக்டோபரில் ‘ஹக்டோபர்ஃபெஸ்ட்’ என்ற நிகழ்வில், சில இணைப்பு வேண்டுகோள் அனுப்பியோருக்கு ஒரு மேற்சட்டை பரிசென அறிவிக்கப்பட்டிருந்தது. என்ன நடந்தது? சட்டைக்கு ஆசைப்பட்டோர் ஒரு சொல்லைக் கூட்டியும் ஒரு புள்ளியை மாற்றியும் பயனற்ற திருத்தங்களை வெள்ளமென அனுப்பினர். தொண்டாக நிரல் காப்போர், அக்குப்பையைக் கூட்டித் தள்ளவே நாட்களைச் செலவிட்டனர். விரும்பிச் சேரும் திட்டங்கள் மட்டுமே இனிக் கணக்கில் வருமென்று விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. இன்றோ, செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தருவதைத் தாமும் வாசியாமல் அனுப்பிவிட்டுப் ‘பங்களிப்பாளர்’ என்று மார்தட்டுவோர் வேறு! கருவியைப் பயன்படுத்துவது குற்றமன்று. புரியாததைத் தன் பெயரிற் கொடுப்பதே குற்றம். சட்டைக்காகவும் சான்றிதழுக்காகவும் செய்வது தொண்டாகாது. நம் பிள்ளைகள் அந்த வரிசையில் நிற்கலாகாது.

வேறு சிலர் இதைச் சுரண்டல் என்கிறார்கள்: “கோடீசுவரக் கம்பனிகள் கொழுக்க நாம் சும்மா உழைப்பதா?” இதிலே உண்மையில்லாமலில்லை. 2014 இல் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற மென்பொருளில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற பெருங்குறை வெளிப்பட்டது. உலகின் வங்கிகளும் கடைகளும் நம்பியிருந்த அந்த நிரலைக் காத்துவந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. பயன் கொள்ளும் கம்பனிகள் பணம் கொடுக்க வேண்டும். அக்கோரிக்கையை நாமும் எழுப்புகிறோம். அடுப்பெரியாத வீட்டுப் பிள்ளையிடம் இலவசத் தொண்டு கேட்க நமக்கு உரிமையுமில்லை. முதலில் வயிறு, கிடைக்கும் ஓய்வில் வாரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் போதும். ஆயினும் ஒரு வேறுபாட்டை மறவாதீர்கள். கம்பனிக்கு எழுதிக் கொடுத்த நிரல் பூட்டிய பெட்டிக்குள் போய்விடும். திறந்த நிரலிற் சேர்ந்த உங்கள் உழைப்போ, உங்கள் பெயரோடு உலகின் கண்முன் நிற்கும். வேலை தேடிப் போகுமிடத்தில், எந்தக் காகிதத்தையும்விட அது உரத்துப் பேசும்.

பாறை சொல்லும் பாடம்

திரியாய்க் குன்றிலே, கிரிகண்டு சேயத்தின் அருகே, பாறையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. மொழி வடமொழி, எழுத்து தென்னாட்டுக் கிரந்தத்தை ஒத்தது. 1200 ஆண்டுகளுக்கு முற்பட்டதென அறிஞர் கணிக்கும் அக்கல்வெட்டு, கடலோடிய வணிகரைக் குறிக்கிறது. பொறித்தவர் யாராயினும் பாறையைப் பூட்டி வைக்கவில்லை. வெயிலிலும் மழையிலும் திறந்தே கிடந்தது, எழுத்தறிந்தவர் எத்தேசத்தவராயினும் வந்து படித்தனர், படி எடுத்தனர், ஒருவர் பாடத்தை மற்றவர் திருத்தினர். திறந்து வைத்த எழுத்து, பொறித்தவருக்குப் பின்னும் வாழ்கிறது.

திரியாயின் இளைஞர்காள், யுவதிகாள்! ஊரை இழந்தும் உள்ளம் இழவாது திரும்பி வந்து குடியமர்ந்தோரின் வழித்தோன்றல்கள் நீங்கள். காடாய்க் கிடந்த வளவைத் துப்புரவாக்க உங்கள் பெற்றோர் எவரிடமும் சான்றிதழ் கேட்டு நிற்கவில்லை. கத்தியை எடுத்தார்கள், முதற் பற்றையை வெட்டினார்கள். உங்கள் முன்னும் ஒரு வெளி கிடக்கிறது. வேலியில்லை, காவலாளி இல்லை, கதவு திறந்தே இருக்கிறது. இன்றிரவே ஒரு நிரலைத் திறந்து படியுங்கள். ஒரு பிழையைக் கண்டுபிடியுங்கள். ஒரு வரியைத் திருத்துங்கள்.

அந்த ஒரு வரியில் தொடங்கட்டும், வாங்கி உண்ட இனம் வழங்கி வாழும் வரலாறு!